"அது அவங்க பிரச்சினை" என்று சொல்லும் செயற்குழுவுக்கு

கேள்வி: நியூயார்க் குவீன்ஸில் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் நான். வருஷத்துக்கு நாலு விழா, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, அவ்வளவுதான் எங்கள் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் நகர மனித உரிமை கமிஷனிலிருந்து ஒரு பெண் வந்து, எங்கள் ஹாலில் ஒரு தகவல் கூட்டம் நடத்தலாமா என்று கேட்டார். செலவு எதுவும் இல்லை, மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்யலாம் என்றார். செயற்குழுவில் வைத்தேன். "நமக்கெதுக்கு அரசியல்? இனப் பிரச்சினையெல்லாம் கறுப்பர்கள் பாடு. கமிஷன் வந்தா போலீஸ் வந்த மாதிரி" என்று தட்டிக் கழித்துவிட்டார்கள்.

அதே வாரம் எங்கள் உறுப்பினர் ஒரு தம்பிக்கு வீடு மறுக்கப்பட்டது. புரோக்கர் போனில் "வீடு இருக்கிறது, வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மனைவியோடு போனபோது, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா கதவைப் பாதி திறந்து பார்த்துவிட்டு "போய்விட்டது" என்றாராம். காருக்குத் திரும்பும்போது புரோக்கர், "அவருக்குச் சமையல் வாசனை ஒத்துக்காது" என்று சொல்லியிருக்கிறார். பத்து நாள் கழித்தும் விளம்பரம் இணையத்தில் இருக்கிறது, வாடகையில் 50 டாலர் குறைத்து. தம்பி எச்-1பி விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார். புகார் என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறார். நான் என்ன செய்வது?

பதில்:

செயலாளருக்கு வணக்கம்.

நீங்கள் கூட்டத்தை முதலில் எழுதியிருக்கிறீர்கள். நான் தம்பியின் வீட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூட்டம் அடுத்த மாதம்கூட நடக்கலாம், ஆனால் அந்த விளம்பரம் இன்றிரவே காணாமல் போகலாம்.

ஆகவே இதைப் படித்தவுடன் தம்பியைக் கூப்பிட்டு, விளம்பரப் பக்கத்தை முழுதாக ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். மேலே இணைய முகவரி தெரிய வேண்டும், தேதி தெரிய வேண்டும், குறைத்த வாடகை தெரிய வேண்டும். புரோக்கரோடு நடந்த குறுஞ்செய்திகளையும் போன் அழைப்புப் பட்டியலையும் எடுத்து வைக்கட்டும். பிறகு கணவனும் மனைவியும் தனித்தனியே உட்கார்ந்து, அன்று யார் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் சொன்ன அதே ஆங்கிலச் சொற்களில் எழுதட்டும். தமிழில் எழுதினால் நாம் அறியாமலே கோபத்தையும் சேர்த்து எழுதிவிடுவோம். விசாரணைக்குத் தேவை அந்த அம்மா வாயிலிருந்து வந்த சொல். நியூயார்க்கில் பேச்சில் பங்கேற்கும் ஒருவர் சம்மதித்தாலே போதும், உரையாடலைப் பதிவு செய்யலாம். ஆகவே புரோக்கர் மறுபடி அழைத்தால் பதிவு செய்வதில் தப்பில்லை. ஆனால் அவரை வம்புக்கு இழுத்துப் பேச வைக்க வேண்டாம். "இன்னும் வீடு காலியா?" என்ற ஒரு கேள்வி போதும்.

விளம்பரத்துக்கு ஏன் இத்தனை அவசரம் என்று சொல்கிறேன். இதுவரை எனக்கு வந்த குவீன்ஸ் வீட்டுப் புகார்களில் பாதி இந்த இடத்தில்தான் நின்றன, அல்லது விழுந்தன. நியூயார்க் நகர மனித உரிமைச் சட்டம் வீட்டு வாடகையில் இனம், நிறம், பிறந்த நாடு, மதம், குடியேற்ற நிலை எதை வைத்தும் மறுக்கக் கூடாது என்கிறது. அதில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. இரண்டே குடித்தனம் உள்ள வீடு, அதில் ஒன்றில் உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ குடியிருக்கிறார், காலியான பகுதியைப் பொதுவில் விளம்பரம் செய்யவில்லை. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அந்தச் சட்டம் தலையிடாது. நம் ஆட்கள் வாடகைக்கு இருக்கும் குவீன்ஸ் வீடுகளில் பல இப்படி இரண்டு குடித்தன வீடுகள்தான். உங்கள் தம்பி பார்த்ததும் அதே ரகம்போலத் தெரிகிறது. வீட்டுக்கார அம்மா தனக்குத் தெரிந்தவர்களிடம் மட்டும் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தால் அந்தச் சந்துக்குள் நுழைந்திருப்பார். இணையத்தில் விளம்பரம் போட்டதால் அவரே அந்தக் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது புரிகிறதா அந்த ஸ்க்ரீன்ஷாட்டின் விலை?

புரோக்கரையும் விட்டுவிடாதீர்கள். "அவர் சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்பது அவருக்குத் தற்காப்பு ஆகாது. சட்டம் புரோக்கரையும் சேர்த்தே கட்டுகிறது. "சமையல் வாசனை" என்ற அந்த வார்த்தை, நம் ஊர்க்காரர் முகத்தைப் பார்த்தபின் வந்தது என்பதுதான் விஷயம். கதவு திறந்தபோது அங்கே யாரும் சாம்பார் வாளியோடு நிற்கவில்லை.

விசா பயம். அதை நான் இலேசாகச் சொல்லமாட்டேன், இன்றைய காலத்தில் யார் பயந்தாலும் அதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்காரர் மீது கொடுக்கும் பாகுபாட்டுப் புகாருக்கும் எச்-1பி மனுவுக்கும் தொடர்பு கிடையாது. விசா நிலை என்னவாக இருந்தாலும் கமிஷனில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது தனியாக இன்னொரு குற்றம். குடியேற்றத் துறைக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவதும் அப்படியே. 2019-ல் குவீன்ஸில் வாடகைக்கு இருந்த ஒரு பெண்ணை அப்படி மிரட்டிக் குறுஞ்செய்தி அனுப்பிய வீட்டுக்காரர், அபராதமும் நஷ்டஈடுமாக 17,000 டாலர் கட்ட வேண்டும் என்று நிர்வாக நீதிபதி பரிந்துரைத்தார். இதைத் தம்பியிடம் சொல்லுங்கள். அதற்கு மேலும் பயந்தால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசட்டும். அவர் பயப்படும்போது நீங்கள் அவருக்காக வீரனாக வேண்டாம், முடிவு அவருடையது.

காலக்கெடு: சம்பவம் நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கமிஷனுக்குப் போக வேண்டும். கமிஷன் வேண்டாம், நேரே நீதிமன்றம் என்றால் மூன்று வருஷம். பொதுவாக இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஆகவே எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். கமிஷனுக்கு 311-ஐ அழைத்தால் போதும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லலாம். 2017-ன் 30-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் நகர அலுவலகங்களுக்குப் பத்து மொழிகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வங்காளமும் உருதுவும் அதில் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் போன் வழி மொழிபெயர்ப்புக்குத் தமிழும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை. மொழிபெயர்ப்பாளர் "பாரபட்சம்" என்பார், "பாகுபாடு" என்பார், சிலர் "வேற்றுமை" என்பார்கள். உங்கள் பெற்றோர் வயதுக்காரர் ஒருவர் அந்தச் சொல்லைக் கேட்டு "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிடுவார். "உங்களைப் பாத்துட்டு வேற மாதிரி நடத்தினாங்களா?" என்று கேட்டால்தான் கதை வெளியே வரும்.

சீக்கிரம் முடியும் என்று எண்ண வேண்டாம். சில சமயம் கமிஷன் ஆட்களே வீட்டுக்காரரை அழைத்துப் பேசி, புகார் பதிவாகும் முன்பே வீட்டை வாடகைக்குப் பெற்றுக் கொடுத்ததும் உண்டு. அப்படி நடக்காவிட்டால் மாதக்கணக்கு. சந்தேகம் வலுவானால் அவர்கள் சோதனை ஆட்களை அனுப்புவதும் உண்டு. ஒரே அளவு சம்பளம், ஒரே மாதிரி வேலை, ஒரே வீட்டைக் கேட்டு இரண்டு பேர் அடுத்தடுத்துப் போவார்கள். ஒருவர் நம் நிறம், மற்றவர் வெள்ளை. ஒருவரிடம் "போய்விட்டது", மற்றவரிடம் "எப்போது குடிவருகிறீர்கள்?" என்றால், அதற்கு மேல் வீட்டுக்காரர் வாசனையைப் பற்றிப் பேசத் தேவையில்லை. குற்றம் நிரூபணமானால் அபராதம் 1,25,000 டாலர்வரை, வேண்டுமென்றே செய்தது என்றால் 2,50,000வரை போகலாம். அந்தப் பணம் நகரக் கஜானாவுக்குப் போகும். தம்பிக்கு வர வேண்டிய நஷ்டஈடு தனிக் கணக்கு.

சரி, உங்கள் செயற்குழு.

அவர்கள் பயத்தில் பாதி பெயரால் வந்தது என்று நினைக்கிறேன். ஊரில் மனித உரிமை ஆணையம் என்றால் ஓய்வுபெற்ற நீதிபதி, லாக்கப் மரணம், செய்தித்தாளில் ஒரு பத்தி. 1993-ன் சட்டப்படி அந்த ஆணையங்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள் செய்ததைத்தான் விசாரிக்கின்றன. நியூயார்க்கில் இருப்பது வேறு பிறவி. இது தனியார் வீட்டுக்காரரையும் கடைக்காரரையும் முதலாளியையும் கேள்வி கேட்கும் அமைப்பு. உங்களிடம் வந்த பெண் சமூகத் தொடர்புப் பிரிவைச் சேர்ந்தவர், சட்ட அமலாக்கம் தனிப் பிரிவு. ஹாலில் யாரோ வாய்தவறி ஒன்றைச் சொன்னால் அது புகாராகிவிடாது. போலீஸ் உடுப்பும் கிடையாது, தோளில் ஒரு துணிப்பை நிறையத் துண்டுப் பிரசுரம்தான் இருக்கும்.

"கறுப்பர்கள் பாடு" என்பதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

1943 ஆகஸ்ட் 1. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் ஒரு ஓட்டல் வாசலில் கறுப்பினப் படைவீரர் ஒருவரை வெள்ளைப் போலீஸ்காரர் சுட்டார். வீரர் பிழைத்துக்கொண்டார், ஆனால் செத்துவிட்டார் என்ற செய்தி தெருத் தெருவாகப் பரவியது. அன்றிரவு கலவரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் மேயர் லகார்டியா ஒற்றுமைக்கென ஒரு குழு அமைத்தார். அதுவே 1955-ல் நிரந்தர கமிஷனாகி, 1962-ல் இன்றைய பெயரைப் பெற்றது. 1957-ல் தனியார் வீட்டு வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்து, அப்படிச் செய்த நாட்டின் முதல் நகரமானது நியூயார்க். அந்தச் சட்டத்துக்காக நின்றவர்கள் கண்முன் ஒரு தமிழ் என்ஜினீயரும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அப்போது இந்தியாவுக்கு வருஷத்துக்கு நூறு பேர் என்ற கணக்கில்தான் இடம். கறுப்பின மக்களுக்கு வீடு மறுத்ததால் பிறந்த சட்டம் அது. இன்று உங்கள் தம்பி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்.

இன்னும் பழையது ஒன்று இருக்கிறது. நான் மேலே சொன்ன அந்தச் சந்தின் வழியாக ஒரு வீட்டுக்காரர் நகரச் சட்டத்திலிருந்து தப்பினாலும், இனத்தை வைத்து மறுத்தால் அமெரிக்கக் கூட்டரசின் (ஃபெடரல்) சட்டம் ஒன்று பிடித்துக்கொள்ளும். அதில் இரண்டு குடித்தனச் சலுகை எல்லாம் கிடையாது. அது 1866-ல் வந்தது, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட மக்களுக்காக எழுதப்பட்டது. அவர்களுக்காக எழுதிய வரி, வம்சாவளியை வைத்து ஒதுக்கப்படும் மற்றவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் சொன்னது.

நம் வரவும் அதே கணக்கில்தான். 1965 அக்டோபரில், சுதந்திரச் சிலைக்குக் கீழே, அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் நாடு வாரியான பழைய ஒதுக்கீட்டை ஒழித்தது. கொண்டுவந்தவர்களில் ஒருவர் புரூக்ளினின் நாடாளுமன்ற உறுப்பினர் இமானுவேல் செல்லர். கறுப்பின மக்களின் சம உரிமை இயக்கம் நாட்டை உலுக்கியிராவிட்டால் அது அந்த வருஷம் நிறைவேறியிருக்குமா என்பது சந்தேகம். உங்கள் செயற்குழுவின் மூத்தவர்கள் எழுபதுகளில் வந்திறங்கியவர்களாக இருந்தால், அவர்கள் கையிலிருந்த விசாவிலும் அந்த ஊர்வலங்களின் தூசு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

வரலாறு வேண்டாம், அனுபவம் சொல்லுங்கள் என்பார்களேயானால் 1987-ஐ நினைவுபடுத்துங்கள். ஹட்சனுக்கு அக்கரையில் ஜெர்சி சிட்டியில் 'டாட்பஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டம், பொட்டு வைத்த பெண்களைக் கண்டால் விரட்டுவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கே கடிதம் எழுதியது. அந்தச் செப்டம்பரில் ஹொபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற வங்கி அதிகாரியை இளைஞர்கள் அடித்தார்கள், சில நாளில் அவர் இறந்தார். அவர் பார்சி. பொட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அடிக்க வருகிறவன் ஜாதகம் பார்ப்பதில்லை. அந்த நாட்களில் மேற்கத்தியப் பெயர் வைத்துக்கொண்ட, பொட்டை அழித்துவிட்டு ரயிலேறிய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் சங்கத்திலேயே ஒருவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் குழு ஏன் தயங்குகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடகைக்குப் போனவர்கள் மட்டுமல்ல நாம், வாடகைக்கு விடுகிறவர்களும் நாம்தான். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் வந்த விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். "தமிழ் பேமிலி மட்டும்." "இந்தியர்கள் மட்டும்." "வெஜிடேரியன்கள் தொடர்பு கொள்ளவும்." வீடு உங்கள் பேஸ்மெண்டாக இருந்தால், இரண்டு குடித்தன வீடாக இருந்தால், விளம்பரம் பொதுவில் போகாதவரை சட்டத்தில் சலுகை உண்டு என்று பார்த்தோம். நானூறு பேர் உள்ள குழு பொதுவா தனிப்பட்டதா என்று வழக்கறிஞர்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். நான் வீட்டுக்காரர் பக்கம் நின்று வாதாட விரும்பமாட்டேன். சைவ உணவு சட்டப் பட்டியலில் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரை வடிகட்டுகிறோம் என்பது நமக்குத் தெரியும், விசாரிக்கிறவருக்கும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

அரசு தரும் வாடகை உதவி வவுச்சர் ('செக்ஷன் எட்டு' என்பது அதில் ஒன்று) வைத்திருப்பவர் வந்தால் என்ன செய்கிறோம்? "செக்ஷன் எட்டுக்காரங்க வேண்டாம்பா" என்று நம் வீட்டுக்காரர்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், அது சட்டவிரோதமாகலாம் என்று தெரியாமலே. வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து மறுப்பதை நகரச் சட்டம் 2008 முதல் தடை செய்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் யார் முகம் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். வீட்டுக்குள் அந்த முகத்தைப் பற்றி நாம் சொல்லும் சொற்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. கமிஷன் பெண் ஹாலுக்கு வந்தால் இதையும் பேசுவார். பேசட்டும். புகார் கொடுக்க மட்டும் சட்டத்தைக் கற்றுக்கொண்டு, நம்மேல் வரக்கூடிய புகாரைக் கற்காமல் விட்டால், அடுத்த வருஷம் உங்கள் பொருளாளர் என்னிடம் வேறு மாதிரிக் கடிதம் எழுதுவார்.

நகரம் இப்போது ஏன் இத்தனை மும்முரம் காட்டுகிறது என்று கேட்டால்: 2022 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்து, நகர சாசனத்திலேயே இன நீதிக்கு இடம் கொடுத்தார்கள். துறைகள் திட்டம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. காகிதத்துக்காக வருகிற அதிகாரிகளும் அதில் இருப்பார்கள், மறுக்கவில்லை. அவர் எதற்காக வந்தாலும் நாம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்வதில் என்ன நஷ்டம்?

இனி கூட்டம் எப்படி நடத்துவது. இதில்தான் நான் அதிகம் பாடம் படித்தவள், ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு கோயில் பேஸ்மெண்டில் இப்படி ஒரு கூட்டம், நான் உதவிக்குப் போயிருந்தேன். அறுபது நாற்காலி போட்டோம், ஒன்பது பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் மேலே அர்ச்சனை முடியும்வரை உட்கார வந்தவர்கள். பேச வந்தவர், "உங்களில் யாருக்காவது பாகுபாடு நடந்திருக்கிறதா?" என்று கேட்டார். ஒரு கை எழவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "நாங்கள் கல்வி கற்ற சமூகம், எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று நன்றியுரையே சொல்லி முடித்துவிட்டார்.

நாற்காலி மடிக்கும்போது ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் காபிக் கப், குடிக்கவில்லை. ஒரு தமிழ் வீட்டில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. "இதெல்லாம் இங்க கேக்கலாமான்னு தெரியலம்மா" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், சிங்குக்கு அடியில் தனியாக. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது அவர் கைதான். டம்ளர் மட்டும் தனி. "ஊர்ல இருந்து பிளேன் ஏறி வந்திருக்கு பாருங்க அந்த டம்ளர்" என்று சிரித்தார். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் சட்டம் இல்லை. நகரச் சட்டம் அப்போது நாலு பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் இடங்களைப் பொதுவாகத் தொடவில்லை. வீட்டு வேலை செய்கிறவர்கள், ஒரே ஒருவரானாலும், அந்தப் பாதுகாப்புக்குள் வந்தது 2022 மார்ச்சில். அதற்குள் அந்த அம்மா ஊர் திரும்பிவிட்டார்.

சாதி என்ற சொல் நியூயார்க் நகரச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. சியாட்டில் நகர மன்றம்தான் 2023 பிப்ரவரியில் அதை முதலில் சேர்த்தது. அதே வருஷம் கலிபோர்னியாவில் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார், இருக்கிற சட்டமே போதும் என்று. போதுமா என்பதை அந்த டம்ளரைக் கழுவியவரிடம் கேட்டிருக்கலாம். உங்கள் கூட்டத்தில் இது எழும். எழுந்தால் "இங்கே அதெல்லாம் இல்லை" என்று மேடையிலிருந்து யாரும் அடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஹார்லெமுக்குப் பக்கத்துத் தெருக்களில், 1913 முதல் மூன்று வருஷம் படித்த அம்பேத்கர், 1946-ல் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், தீண்டப்படாதவர் நிலையும் கறுப்பின மக்கள் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று. செயற்குழு இந்த ஊருக்கே புதிதென்று நினைக்கும் உறவு எண்பது வருஷப் பழசு.

அழைப்பிதழில் "மனித உரிமை விழிப்புணர்வு" என்று போடாதீர்கள். கமிஷன் பெண்ணுக்கே அது தூக்கம் வரவழைக்கும். "வாடகை வீடு: கொடுப்பவரும் எடுப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டியது" என்று போடுங்கள், ஹால் நிறையும். தமிழ் வகுப்பு நடக்கும் ஞாயிறு, பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் வையுங்கள். பெற்றோர் எப்படியும் காருக்குள் உட்கார்ந்து போன் பார்க்கிற நேரம் அது.

குவீன்ஸின் ரிச்மண்ட் ஹில் பகுதியில் இருக்கும், தென்னமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்தவர்களையும் கூப்பிடுங்கள். முனுசாமி, வீராசாமி என்று பெயர் வைத்துக்கொண்டு, மாரியம்மனுக்கு உடுக்கை அடித்து ஆடும் அந்த மக்களின் முன்னோர் நம் கரையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறியவர்கள். தமிழ் பேச மாட்டார்கள் என்பதற்காக நம் சங்கங்கள் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கறுப்பின அண்டை வீட்டாரோடு ஒரே தெருவில், ஒரே பள்ளியில் வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். உங்கள் செயற்குழு புத்தகத்தில் படிக்க வேண்டியதை அவர்கள் படியில் உட்கார்ந்து சொல்லிவிடுவார்கள்.

தம்பியை மேடையேற்றாதீர்கள். அவர் வழக்கு நிலுவையில் இருக்கும்போது நாற்பது பேருக்கு முன் கதை சொல்வது அவருக்கும் நல்லதல்ல, வழக்குக்கும் நல்லதல்ல. பின்வரிசையில் மனைவியோடு உட்காரட்டும்.

கை தூக்கச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். வாசலில் துண்டுச் சீட்டும் பென்சிலும் வைத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், கையெழுத்து மையிலேயே ஆளைக் கண்டுபிடிக்கிற ஊர் நம்முடையது. அந்தக் கோயில் கூட்டத்துக்குப் பிறகு நான் போன எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறேன். எழுதியது எந்த ஊர்ச் சங்கமானாலும் டப்பாவுக்குள் ஒரு சீட்டு மட்டும் மாறுவதில்லை: "வீட்டுக்காரர் நம்ம ஆள்தான். அவர் மேலயும் புகார் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். ஆனால் அந்தச் சீட்டை முதலில் எடுத்துப் படிக்காதீர்கள். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ எடுங்கள். முதலிலேயே படித்தால் முன்வரிசை எழுந்து போய்விடும், டீ மட்டும் மிஞ்சும்.